கைக்குப் பன்னிரண்டு நாள்

தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையை மடித்துப் பாயின் மேல் வைத்துவிட்டு, தங்கவேலு முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தான். ஆடிக் காற்று கூரை ஓடுகளை அசைத்துக்கொண்டிருந்தது. ஓட்டின் இடுக்கிலிருந்து கரித்தூசி ஒரு கொத்தாக உதிரப் போவதை அபிதகுசாம்பாள் அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடி வந்து சேலையை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். தூசி பாயின் மேல் விழுந்தது. சேலை தப்பித்தது. ஆனால் எடுத்த அந்த நொடியில், காய்ந்த இலை மேல் பல்லி ஓடுவது போல மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சத்தம் அவள் உள்ளங்கையிலிருந்துதான் வந்தது. கையை விலக்கப் பார்த்தாள். பட்டு கூடவே வந்தது.

"கைய அசைக்காத," என்றான் தங்கவேலு. பின்வாசற்படியில் ஈர முகத்தோடு நின்றிருந்தான். "அப்டியே இரு. நா எடுக்கறேன்."

அவன் வந்து, வேலி முள்ளில் மாட்டிய துணியை எடுப்பது போல, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சேலையை விடுவித்தான். கரைக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் ஒரு இழை மட்டும் மேலே எழும்பி, சின்ன வளையமாக நின்றது.

"தூசி வுழுந்திச்சி, அதான்…"

"சரி, வுடு."

அந்த ஒரு இழையை ஊசி முனையால் நகர்த்தி நகர்த்தி உள்ளே படிய வைக்க உச்சிப் பொழுதாகிவிட்டது அவனுக்கு. அப்படியும், சேலை பார்த்து வாங்குகிற மணவாளன் வந்து, வெளிச்சத்துக்குக் கூடப் பிடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டியே அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இங்க இழுப்பு கீதே தங்கவேலு. யார் கை பட்டுது?"

"என் நெகம் பட்டுட்டுதுங்க."

"இருவது வருசமா நெய்யற. உன் நெகமா?" மணவாளன் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "வூட்ல சொல்லி வை."

அடுப்படியில் அபிதா அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தனக்காக அவன் பொய் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. மணவாளன் போனபிறகு தங்கவேலு உள்ளே வந்து, சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"இனிமே தறிப் பக்கம் எத்தயும் தொடாத, அபிதா. கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொன்ன வார்த்தையென்றால் மறுநாள் ஆறிப்போகும். இது ஆறாது.

கல்யாணமாகி ஆரணிக்கு வந்து இரண்டு வருஷம். கலசப்பாக்கம் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் மல்லாட்டைச் செடி பிடுங்கியதும், வரப்பு வெட்டியதும், கரும்புச் சோகை உரித்ததும் இந்தக் கைதான். ஆரணிக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அரிசி மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கிற வேலை. ஆவி பறக்கும் நெல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டி, துழாவி, சாயங்காலம் குவித்து, கோணிப்பை தைக்க வேண்டும். உமி விரல் வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சணல் கயிறு அறுத்த இடம் காய்த்துப்போய், அதன் மேல் மறுபடி அறுத்திருக்கும். இந்தக் கையைப் பற்றி அவள் ஒரு நாளும் நினைத்தது கிடையாது. கை என்றால் வேலை செய்வது, அவ்வளவுதான். இந்த வீட்டில்தான் கைக்கு இன்னொரு கணக்கு இருப்பது தெரிந்தது. அவள் புருஷன் கை வழவழவென்று இருக்கும். சாதம் பரிமாறும்போது அவன் கை பட்டால் அவள்தான் விலக்கிக்கொள்வாள். உலகத்தில் எந்த வீட்டில் இப்படி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் அவன் வேறொரு கவலையில் இருந்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான அடுத்த பாவு சாயத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டு நாளில் வந்துவிடும். புதுப் பாவு வந்தால் அதைப் பழைய பாவோடு பிணைக்க வேண்டும். சேலையை அறுத்தெடுத்த பிறகும் பழைய பாவின் நுனிகள் தறியிலேயே நிற்கும். ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழைகள். இரண்டு பேர் இரண்டு ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வருவார்கள். வழக்கமாக அவனோடு உட்காருகிற சின்னபொண்ணு, மகள் பிரசவத்துக்குச் செய்யாறு போய்விட்டாள். ஒரு மாசத்துக்கு வரமாட்டாள்.

"நானு குந்தறேன்," என்றாள் அபிதா.

தங்கவேலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

"கை மாட்டுதேன்னுதான சொல்ற? மாட்டாம இருந்தா?"

"மாட்டாம இருந்தா குந்து. நானா வேணான்றேன்?" என்றவன், செருப்பை மாட்டிக்கொண்டே, "எதுக்கும் பாவு பிணைக்கற தருமன்கிட்ட சொல்லி வெக்கறேன்," என்றான்.

அந்த 'எதுக்கும்' என்ற வார்த்தை அவளை மில் வரைக்கும் பின்தொடர்ந்து வந்தது.

அன்று மத்தியானச் சோற்று வேளையில் அவள் சோறு தின்னாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக் கடைக்கு நடந்தாள். கடைக்காரரான சமண நயினார் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் மகள் ஜினமதி கல்லாவில் உட்காருவாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண். அன்றைக்கு அவள் கன்னத்திலும் நெற்றியிலும் இளஞ்சிவப்பாக ஏதோ மருந்து காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது.

"கைக்கு எதனா மருந்து குடும்மா."

"இன்னா பண்ணுதுக்கா? அரிப்பா, எரிச்சலா?"

"ஒண்ணும் பண்ணல. பட்டு மாட்டுது."

ஜினமதிக்குப் புரியவில்லை. தன் தாவணி முனையை எடுத்துக் கொடுத்தாள். அபிதா அதன் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். நைலெக்ஸ் தாவணி நாலு இடத்தில் சுருங்கி மேலே எழும்பியது.

"அய்ய, என் தாவணி," என்று பிடுங்கிக்கொண்டாள் ஜினமதி. பிறகு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்னோ கீது, தரட்டா? வாசனயா இருக்கும். ஆனா இதுக்கு ஆவாது. இதுக்கு மருந்து இல்லக்கா, பயக்கம்தான். தெனம் பண்ணணும். மூணே வேல. நா பத்திரிகைல படிச்சேன்."

துணி சோப்பைக் கையால் தொடக் கூடாது, பயத்தம்மாவு போட்டுக் கழுவ வேண்டும் என்றாள். கழுவின ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கிளிசரினும் பன்னீரும் பாதிக்குப் பாதி கலந்து தேய்த்துவிட வேண்டும். படுக்கப் போகும்போது தேங்காயெண்ணெய் தடவிப் பழந்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

"எத்தினி நாளைக்கு?"

"பதினஞ்சி நாள்னு போட்டிருந்தான்."

"எனக்குப் பன்னண்டுதான் கீது."

"அவனுக்குக் கடுதாசி போட்டு மூணு நாள் கொறைக்கச் சொல்லட்டா?"

அபிதா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் தெரிஞ்சா மாரி சொல்றியே, உன் மூஞ்சி ஏம்மா இப்டி கீது?"

"நானே இப்பதான் ஆரம்பிச்சிகீறேன். ஆறு நாள் ஆவுது." ஜினமதிக்குக் கோபம் வரவில்லை. கிளிசரினை அளந்து சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க கைக்கு, நானு மூஞ்சிக்கு. யாருது மின்ன தேறுதுன்னு பாப்பம். ஜல்தி பண்ணாதீங்க, அதான் முக்கியம்."

ஜல்தி பண்ணாதே என்று சொல்வது எளிது. தறிக் குழியிலிருந்து சேலை நூலின் மிச்சம் ஒரு முழத்தைப் பொறுக்கி, அபிதா தன் முந்தியில் முடிந்துகொண்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதை எடுத்து உள்ளங்கையின் குறுக்கே இழுத்துப் பார்ப்பாள். முதல் நாள் ஏழு இடத்தில் மாட்டியது. மறுநாளும் ஏழு. மூன்றாம் நாள் ஆறு. அன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே நாலு தடவை இழுத்துப் பார்த்தாள். ஆறு, ஆறு, ஏழு, ஆறு. முன்னால் நின்றவள், "இன்னாம்மா, கைல ரேகை பாக்கறியா?" என்றாள். நாலாம் நாள் மறுபடி ஏழாகிவிட்டது. ஏன் ஏழு? என்ன தப்பு செய்தாள்? மாவு போட்டுக் கழுவினாள், கிளிசரின் தேய்த்தாள், தங்கவேலுவின் கிழிந்த பனியனை இரண்டு உறையாகத் தைத்து மில்லில் கையில் கட்டிக்கொண்டாள்.

அந்த உறையால் மில்லில் பட்டது தனிக் கதை.

"இன்னாடி அது கைல, மருதாணியா?" என்றாள் கூட வேலை செய்கிற காசியம்மாள்.

"புண்ணு."

"பொய்யி. பன்னீர் வாசன அடிக்குது. இந்தாங்கடி, நம்ம களத்துல யாரோ மகராசி வந்துகீறா. நெல்லு கூச்சப்படுது பாருங்க."

"தறில குந்தப் போறேன். பாவு பிணைக்க." சொல்லக் கூடாது என்று இருந்தாள், வாயில் வந்துவிட்டது.

காசியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். அவள் கை அபிதாவின் கையைவிட மோசம். "அப்ப எங்கள வுட்டுட்டுப் பூடுவ," என்றாள். அதற்கு மேல் அன்று முழுவதும் கேலி செய்யவில்லை. அது அபிதாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஆடி வெள்ளி. படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்க ஊரில் பாதி போய்விட்டது. மில்லுக்கு விடுமுறை. தங்கவேலுவின் அண்ணன் ஜெயவேல் சாயப்பட்டறை வைத்திருந்தார். அவர் பெண்சாதியும் படவேட்டுக்குப் போயிருந்ததால், அபிதாதான் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனாள். பட்டறையில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் கச்சா நூல் தொங்கியது. அவர்கள் தறிக்கு வரப்போகும் பாவுக்கான நூல்தான். மஞ்சளடித்து, விறைத்து, புளிச்சைச் செடி நார் மாதிரி இருந்தது. பக்கத்துக் கொடியில் வேகவைத்து அலசிப் போட்டது, குளித்துவிட்டு வந்த சின்னப் பெண்ணின் தலைமயிர் போலக் காற்றில் ஆடியது. இரண்டும் ஒரே நூல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"எப்பிடிங்க மாமா இது இவ்ளோ மெத்துனு ஆவுது?"

"மேல ஒரு பசை கீதும்மா. பூச்சி கக்கின பசை. அதாலதான் மொரமொரன்னு கீது," என்றார் ஜெயவேல், கோலால் நூலைப் புரட்டிக்கொண்டே. "சோப்பும் சலவை சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சா பசை கழண்டுடும். உள்ள கீறதுதான் பட்டு."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி."

முக்கால் மணி. அபிதா சோற்றைப் பிரித்து வைத்தாள். ஜெயவேல் கை கழுவிக்கொண்டு கிணற்றடி நிழலுக்குச் சாப்பிடப் போனார். காலையில் வேகவைத்த முதல் அண்டாவின் தண்ணீர் ஆறி, கை பொறுக்கிற சூட்டில் நின்றது. பழுப்பாக, நுரை ஓரத்தில் ஒட்டி. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பூச்சியின் கூட்டையே கழற்றுகிற தண்ணீர். என் கைக்கு மேலேயும் ஒரு பசைதான். மல்லாட்டைக் காடும் கரும்புத் தோட்டமும் மில் களமும் பூசின பசை. உள்ளே ஒரு கை இருக்கத்தானே வேண்டும், நான் பிறந்தபோது வைத்துக்கொண்டு வந்த கை? ஜினமதியின் பத்திரிகைக்காரனுக்குப் பட்டு வேகவைப்பதைப் பற்றி என்ன தெரியும்? ஆரணியில் இருந்துகொண்டு மெட்ராஸ்காரனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே.

முழங்கை வரை விட்டுக்கொண்டு நின்றாள். மாமா சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பீடி பிடித்து முடிக்கிற வரைக்கும்.

எடுத்தபோது கை வழுக்கியது. ஒரு விரல் இன்னொரு விரல் மேல் நிற்கவில்லை. முந்தியிலிருந்த நூலை எடுத்து இழுத்தாள். ஒரு இடத்திலும் மாட்டாமல் நழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி இழுத்தாள். மாட்டவில்லை. வெறும் தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தாள். தங்கவேலு இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அவன் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தடவினாள். வைத்தாள். திரும்ப எடுத்தாள். சாயங்காலம் அவன் வருவதற்குள் தோல் இறுகத் தொடங்கியது. விரலை மடக்கினால் இழுத்தது. ஏதோ காய்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அவள் மடித்து வைத்த துண்டை அவன் தோளில் போட்டுக்கொள்ள எடுத்தான். அதில் ரத்தம்.

"இன்னா இது?"

அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவன் பிடித்து முன்னால் இழுத்தான். விரல் மடிப்பு ஒவ்வொன்றும் பிளந்திருந்தது. உள்ளங்கைத் தோல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து உரிந்துகொண்டிருந்தது.

"அண்ணன் பட்டறைல…" என்று நடந்ததைச் சொன்னாள்.

"சோடாத் தண்ணில? ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? அந்தத் தண்ணில கைய வுட்டுட்டு அண்ணன் அஞ்சி தரம் கழுவறத நீ பாத்ததில்ல?"

"நீதான சொன்ன, மாட்டாம இருந்தா குந்துன்னு."

"குந்துன்னா இப்டியா? யாரு உன்ன வெரட்டினாங்க? மில்லுக்குப் போற, வர்ற. நா எதனா கொற சொன்னனா?"

"சொல்லல. சொல்லாமயேதான் கீற, ரெண்டு வருசமா." அவள் குரல் உயரவில்லை. "கல்யாணத்தன்னிக்கி கைய சேத்து வெச்சாங்க. புடிச்சதும் வெடுக்குனு எடுத்துட்ட."

தங்கவேலு துண்டை மடித்தான். மடித்ததை உதறினான்.

"எடுத்தேன்," என்றான். "எனக்கு வெக்கமா பூட்ச்சி."

"என் கையப் பாத்தா?"

"என் கைய நெனச்சி. உங்க ஊருக்காரங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. ஏரு புடிச்ச கைங்க. என் கை பொம்பள கையாட்டம் கீதுன்னு சின்ன வயசுலேருந்து சொல்லுவானுங்க. உன் கை பட்டதும், இவளுக்குத் தெரிஞ்சி போச்சேன்னு…" துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அவள் அங்கேயே நின்றாள். அவன் சொன்னது நிஜமா, அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மணவாளனிடம் நகம் பட்டது என்று சொன்னவன்தானே இவன். ஆனால் மணவாளனிடம் சொல்லும்போது அவன் குரல் இப்படித் தடுமாறவில்லை.

ஜினமதி அவள் கையைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சோடாவா? அது பூச்சிக் கூட்டுக்கு ஊத்தறதுக்கா. உசுரோட பூச்சிய கொதிக்கற தண்ணில போட்டு எடுக்கறது பட்டு. எங்க அத்தை அந்தப் பாவத்துக்கே பட்டு கட்டமாட்டாங்க. நீங்க போய் கைய வுட்டிருக்கீங்க."

"திட்டாத. மொதல்ல உன் மூஞ்சிக்கு இன்னா ஆச்சி, அத்த சொல்லு."

ஜினமதியின் இரண்டு கன்னமும் கன்றிச் சிவந்திருந்தன. இளஞ்சிவப்பு மருந்தைக் காணோம். அவள் தாவணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். "எலுமிச்சம்பழம் தேச்சேன். ஒரே நாள்ல போயிடும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அபிதாதான். சிரித்ததில் உதடு ஓரத்தை விரலால் தொட்டு, விரல் எரிந்து, மறுபடி சிரித்தாள்.

"இன்னிக்கி ஒண்ணாம் நாளு," என்றாள் ஜினமதி. "ரெண்டு பேருக்கும்."

"எனக்கு ஏழு நாள்தான் கீது."

"ஏழு நாள்ல ஏழு நாளுக்குத் தக்கன ஆறும். ரெண்டு நாளைக்குக் கிளிசரின் வேணாம், எரியும். எண்ணெ மட்டும் வெய்யுங்க. அப்பா சாயங்காலம் வெளக்கு வெக்கறதுக்கு மின்ன சாப்புடப் போவாரு, அப்ப வந்து காட்டுங்க."

அந்த ஏழு நாளும் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. மில்லில் கேட்டு வாங்கி, கூடைக்குப் பதில் துடைப்ப வேலை செய்தாள். காசியம்மாள் அவள் பங்குக்கும் சேர்த்து நெல் அள்ளினாள். நூலை இழுத்துப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று முந்தி முடிச்சைக் காசியம்மாளிடம் அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு, களத்துச் சுவரில், புடவைத் தலைப்பில், கிடைத்ததிலெல்லாம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு, கிளிசரின், எண்ணெய். மாவு, கிளிசரின், எண்ணெய். பத்தாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்து விழுந்து, அடியில் கொஞ்சம் புதுசாகத் தெரிந்தது. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு பிளவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் பாவு வந்தது. கத்தரிப்பூ நிறம். தங்கவேலு அதைத் தறிக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, பழைய பாவின் நுனிகளைப் பிரித்து வைத்து, இடது ஓரத்தில் உட்கார்ந்தான். தனக்கு உச்சிப் பொழுதுக்கு மேல்தான் ஒழியும் என்று தருமன் சொல்லி அனுப்பியிருந்தான். தங்கவேலு ஒருவனாகவே தொடங்கினான். அவளைக் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. அபிதா அடுப்பில் உலையை வைத்தாள், இறக்கினாள். கையை மாவு போட்டுக் கழுவி, துடைத்து, காற்றில் ஆற்றினாள். பிறகு வந்து வலது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தருமன் வருவான்," என்றான் அவன், தலை நிமிராமல்.

"வந்தா எழுந்துக்கறேன்."

அவன் பக்கத்திலிருந்த ஒரு கொட்டாங்கச்சியை அவள் பக்கம் தள்ளினான். அதில் சலித்த அடுப்புச் சாம்பல்.

"காலைல எதனா தடவுனியா?"

"தடவல."

"நல்லது. வழுக்கற கைல முறுக்கு நிக்காது. இத்த தொட்டுக்க."

அபிதா சாம்பலைப் பார்த்தாள். "இதுல கை காஞ்சி பூடாதா?"

"பூடும்."

"அப்பால?"

"அப்பால கழுவிகினு உன் கிளிசரின தடவிக்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான். இன்னா நெனச்ச, பன்னண்டு நாள்ல முடிஞ்சிடும்னா? நா இருவது வருசமா கஞ்சித் தண்ணில கைய ஊற வெச்சிகினுதான் கீறேன். நீ வந்த பின்னாடி, நீ மில்லுக்குப் போனப்பறம்."

"சொல்லவே இல்லியே."

"நீ கேக்கல. மருந்துக் கடைக்காரப் பொண்ணதான் கேட்ட."

அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. பழைய நுனி ஒன்றையும் புது இழை ஒன்றையும் எடுத்தாள். கண்ணுக்கு இருக்கிறது, விரலுக்கு இல்லை, அவ்வளவு மெல்லிசு. ஆள்காட்டி விரலின் பிளவில் உடனே மாட்டியது. அசையாமல் இருந்து, இடது கையால் எடுத்துவிட்டாள். ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கினாள். விட்டாள். பிரிந்துகொண்டது. மறுபடி முறுக்கினாள். பிரிந்துகொண்டது. நாலாவது தடவை நின்றது. தங்கவேலு எட்டி வந்து, அந்த இழையை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டுத் தன் ஓரத்துக்குப் போனான்.

அவள் அடுத்ததை எடுத்தாள். அதற்கு அடுத்ததை. முதுகு கடுத்தது. அவன் பக்கம் ஒரு சாணுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அவள் பக்கம் இரண்டு விரல்கடை. தெருவில் ஆடிக் காற்று கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. ஒவ்வொரு தடவை கதவு அசைந்தபோதும் தருமனோ என்று நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் விரலை நிறுத்தவில்லை.

உச்சி சாய்ந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. தருமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னாப்பா, எடம் புடிச்சிட்டாங்களா? நா குந்தட்டா, பூடட்டா?"

தங்கவேலு தருமனைப் பார்க்கவில்லை. பாவின் அந்த ஓரத்தில் இருந்த அவள் கையைப் பார்த்தான். மடக்கி வைத்திருந்த ஆள்காட்டி விரலின் பிளவு திறந்துகொண்டிருந்தது. அதன் வாயில் கடுகளவு சிவப்பு திரண்டு, சாம்பல் படிந்து, இன்னும் வழியாமல் நின்றது. அவள் அந்த விரலை உள்ளங்கைக்குள் இன்னும் இறுக்கி மடக்கினாள். மற்ற இரண்டு விரலுக்கு நடுவில் கத்தரிப்பூ இழை ஒன்று பழைய நுனியோடு முறுக்கிக்கொண்டு இருந்தது. முறுக்கு நிற்குமா என்று தெரிய வேண்டுமானால் விட்டுப் பார்க்க வேண்டும். அவள் இன்னும் விடவில்லை.